தலைத்தீபாவளிக்கு வந்த அலுமினியக் குழாய்

சங்கரனுக்கு அம்மா எழுதுவது. நீ நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. போன வாரம் உன் தம்பியின் எஸ்.டி.டி. பூத்துக்கு நீ பேசியபோது நான் அவனுக்கு மோர் கொண்டுவந்து பக்கத்தில்தான் நின்றேன். உன் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. அத்தனை கணீரென்று பேசுகிறவன் நலமாகத்தான் இருப்பான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை என்பதும் எனக்குக் கேட்டது. அது போகட்டும். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பைய வாசி. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தனியாக வாசிக்காதே. மீனா அடுப்படியில் நிற்கும்போது, அவள் காதில் விழும்படி வாசி. என் பேத்தி விளையாடிக்கொண்டிருந்தால் இருக்கட்டும், அவளும் கேட்கட்டும். உன் அத்தை, அதாவது உன் மாமியார், அங்கே வந்திருந்தால் இன்னும் நல்லது. இதில் யாரிடமும் மறைக்கவேண்டியது எனக்கு ஒன்றும் இல்லை. மறைத்து வைத்திருப்பது நீதான்.

நீ போனை வைத்ததும் குமரேசன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஐப்பசி மழைக்கு முளைத்த புல் மாதிரி அப்படி ஒரு பச்சை. "எம்மா, அண்ணன் பங்குனி உத்திரத்துக்கு வாரான். அப்படியே கார எடுத்துட்டுப் போறானாம். திரும்பவும் பந்தயத்துக்கு விடப்போறானாம். புதுசா அலுமினிய ஷாஃப்ட் வாங்கப்போறானாம், என்னய அளவெடுத்துச் சொல்லச் சொல்லுதான்" என்றான். மோரைக் குடிக்கவில்லை. பட்டப்பகலில் பூத்தைப் பூட்டினான். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாக்கை விரித்து, காருக்கு அடியில் போய்விட்டான். எப்படிப் போனான் என்று கேள். முதலில் உட்கார்ந்து, பிறகு சாய்ந்து, பிறகு அந்த இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, அப்புறம் உடம்பை இழுத்துக்கொண்டான். சேரன்மகாதேவி வெயிலில், அண்ணன் வாங்கப்போகிற சாமானுக்கு அளவெடுக்கிறான். நான் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் காலைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அலுமினிய ஷாஃப்ட்டைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. அதை நீங்கள் இரண்டு பேரும்தான் எனக்குச் சொல்லித்தந்தீர்கள். உங்கள் அப்பா செத்த வருஷம். வீட்டில் ஒரு சத்தம் வேண்டும் என்று நான் ஏங்கிக்கொண்டிருந்த நேரம். நீ கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வருவாய். அந்தப் பழைய காரில் ஜப்பான் என்ஜினைத் தூக்கி வைத்திருந்தாய், அஞ்சு கியர் பெட்டியை மாட்டியிருந்தாய். சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் தொடங்கிவிடுவீர்கள். முன்னால் இருக்கிற கியர் பெட்டி சுற்றுகிற சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளக் குழாய்தான் ஷாஃப்ட் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். முருங்கைக்காயை எடுத்து நீ காட்டினாய். "இந்தா பாரும்மா, இது இரும்புக் குழாய். மெல்லிசு, நீளம், கனம். வேகமாச் சுத்தும்போது நடுவுல தொய்ஞ்சு ஆடும். பாவாடை நாடா சுத்துத மாதிரி. அலுமினியம்னா குழாயத் தடியா வைக்கலாம், கனமும் கம்மி. ஆட்டம் இருக்காது. மிதிச்ச ஒடனே வண்டி பாயும்." குமரேசன் விடமாட்டான். "இரும்பையே ரெண்டு துண்டாப் போட்டு நடுவுல ஒரு பேரிங் வச்சா ஆடாதுல்லா? பந்தயத்துல ஒடஞ்சா இங்கனயே செஞ்சிக்கிடலாம். அலுமினியம் ஒடஞ்சா எங்கனப் போயி அழ?" ரசம் ஆறிப்போகும். அடுத்த வேளை சோற்றுக்கு நீ வேறு நியாயம் கொண்டுவருவாய். கடைசியில் தம்பி உனக்கு இணங்கி வந்தான். ஒற்றைத் துண்டு அலுமினியம் என்று முடிவாயிற்று. இவ்வளவு தடி, இவ்வளவு நீளம், முனையில் இன்ன கிராஸ் மூட்டு என்று. தம்பி ஒரே ஒரு பேரம் பேசினான். ஷாஃப்ட்டின் முன்பக்கத்தைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் காரோடு சேர்த்து மாட்டவேண்டும், அறுந்து விழுந்தாலும் தரையில் குத்தாமல் அது தாங்கிக்கொள்ளும் என்றான். நீ சரி என்றாய். நான் அப்போது உனக்கு அப்பளம் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் மறக்காது என்பது உனக்குத் தெரியும்.

இனி நீ கேட்காத ஒரு கதை. அலுமினியம் என்ற பேரைக் கேட்டாலே என் உடம்பு ஏன் எரிகிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நான் இந்த வீட்டுக்கு வாழவந்தபோது என் அப்பாவுக்குக் கையில் வசதி இல்லை. சீர்ப் பாத்திரங்களில் பெரியது வெண்கலத்தில் வைக்கமுடியாமல், தேய்த்துப் பளபளவென்று ஒரு அலுமினிய அண்டாவை வைத்து, அதன் வாய் தெரியாமல் வாழையிலை போட்டு மூடியிருந்தார். உன் அத்தை அப்போது பாவாடை தாவணிக்காரி. சீர் பார்க்க வந்திருந்த அத்தனை பேருக்கு முன்னால் அந்த இலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "மைனி, உங்க ஊர்ல வெங்கலம் வெளையாதோ? இதுல பொங்குனா சோறு வேகுமா, பாத்திரம் வேகுமா?" எல்லாரும் சிரித்தார்கள். உன் ஆச்சி சிரித்தாள். உன் அப்பாகூட மீசைக்குள் சிரித்தார், நான் பார்த்தேன். என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாடு சாப்பிடாமல் பஸ் ஏறிப்போனார். அந்த அண்டாவில் ஆயுசுக்கும் கோழிக்குத் தவிடுதான் குழைத்தார்கள். அந்த அத்தை மகளைத்தான் உன் அப்பா உனக்கு எடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுச் செத்தார். செத்தவர் வாக்கு என்று நான் வாய் திறக்கவில்லை. மீனாமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தாயைப் போல அவளுக்கு நாக்கு நீளமில்லை. ஆனால் அவள் தாய் எனக்குச் செய்ததை நான் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உன் தலைத்தீபாவளிக்குப் பாளையங்கோட்டைக்கு, அத்தை வீட்டுக்கு, நீயும் மீனாவும் போனீர்கள். மோதிரம் வேண்டுமா, வாட்ச் வேண்டுமா என்று அவர்கள் கேட்டதற்கு, என் காருக்கு ஒரு அலுமினிய ஷாஃப்ட் போதும் என்று நீ சொல்லியிருந்தாய். உலகத்திலேயே தலைத்தீபாவளிக்குக் கார் குழாய் கேட்ட மாப்பிள்ளை நீ ஒருவனாகத்தான் இருக்கும். துபாயில் இருந்த உன் மைத்துனன் வாங்கி வருகிறேன் என்று ஏற்றுக்கொண்டான். குமரேசன் அளவைத் தந்தி மாதிரி சுருக்கமாக எழுதி உன்னிடம் கொடுத்தான். நீ அனுப்பினாய். மாப்பிள்ளையைப் பெற்றவள் அன்றைக்கு அங்கே போகும் வழக்கம் இல்லை, அதுவும் தாலி இறங்கி வருஷம் திரும்பாதவள். ஆனால் உன் அத்தை ஆள் அனுப்பினாள். "மைனி கண்டிப்பா வரணும், குமரேசனும் வரணும், நாங்க என்ன அன்னியமா?" என்று. என்ன திடீர்ப் பாசம் என்று நானும் போய்ப் பின்கட்டு வாசல் ஓரமாக உட்கார்ந்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்து நீ மணையில் உட்கார்ந்தாய். பட்டு வேட்டி, வெற்றிலை, பழம், மஞ்சள் குங்குமம், அதற்கு நடுவே தாம்பாளத்தில் அடங்காமல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு அந்தக் குழாய். சந்தனப் பொட்டு வேறு வைத்திருந்தார்கள். உன் அத்தை என்னைத் தேடிப் பின்கட்டுக்கே வந்து குனிந்து சொன்னாள். "மைனி, பாத்தேளா? இதுவும் அலுமினியந்தான். ஆனா இது துபாய் அலுமினியம்." ஏன் ஆள் அனுப்பினாள் என்று அப்போது தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்து, என் அப்பாவின் அண்டாவை அவள் இன்னொரு தடவை திறந்து பார்த்தாள்.

அந்தக் குழாய் நீ கேட்டது அல்ல. அங்கேயே குமரேசனுக்குத் தெரிந்துவிட்டது. பார்வையாலேயே அளந்துவிட்டு என்னிடம் கிசுகிசுத்தான். "எம்மா, இது நம்ம வண்டிக்குள்ளது இல்ல. நீளம் சாஸ்தி." உன் மைத்துனன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "மச்சான், நீங்க எழுதுன சைஸும் கடையில இருந்துச்சு. ஆனா சின்னதா இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல இது கெடந்துச்சு, பெரிய வண்டிக்கு உள்ளதாம், வெலயும் கூட. தலைத்தீவாளிக்குச் சின்னத எப்படிக் கொண்டுவர? அதான் இதயே தூக்கிட்டேன்." கூடியிருந்தவர்கள் ஆகா என்றார்கள். சட்டையும் செருப்பும் அளவு பார்த்து எடுக்கிறவர்கள், சீரை மட்டும் பெரிதா சின்னதா என்றுதான் பார்ப்பார்கள். நம் ஜனம் அப்படி. நீ அந்தத் தாம்பாளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாய். அப்போதே உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். உனக்கும் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து காருக்கு அடியில் வைத்துப் பார்த்தீர்கள். நாலு விரல்கடை கூடுதல். மாட்டினால் கியர் பெட்டிக்குள் முட்டும் என்றான் தம்பி. "எண்ணே, ஒண்ணும் கெட்டுப்போகல. மச்சான் அடுத்த வாரந்தான துபாய்க்குத் திரும்புதாரு? அவர் கையிலயே குடுத்து மாத்திக்கிட்டு வரச்சொல்லு. அதுவரைக்கும் பழைய இரும்பே கெடக்கட்டும்." நியாயமான பேச்சு. இதற்குமேல் ஒரு வழி யாருக்கும் தெரியாது. அதற்கு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏலே, கிறுக்கா, தலைத்தீவாளி சீருலே அது. மணையில ஒக்காந்து வாங்குன சாமான அளவு தப்புன்னு திருப்பிக் குடுக்கவா? அத்தை என்ன நெனப்பா? மீனா மொகத்துல எப்படி முழிப்பேன்?" சீரைத் திருப்பிக் கொடுத்தால் பெண்ணைத் திருப்பி அனுப்பியதற்குச் சமம் என்று நம்மில் பேச்சு உண்டு. எனக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னவர்கள் அண்டாவையும் மெத்தையையும் வைத்துச் சொன்னார்கள். மனுஷன் மேலே உட்கார்ந்து பறக்கிற வண்டியின் முதுகெலும்பை வைத்துச் சொல்லவில்லை. இதற்குள் உன் அத்தை வேறு சொல்லியனுப்பிவிட்டாள், மகன் துபாய்க்கு விமானம் ஏறுவதற்குள் அவன் வாங்கித் தந்த சாமானை மாட்டி, அந்தக் காரில் தன்னை ஒரு சுற்று அழைத்துக்கொண்டு போகவேண்டும் என்று. உனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெட்டி ஒட்டிவிடலாம் என்று சொன்னது நீ. இதைத்தான் கோடு போட்டு எழுதவேண்டும், எனக்குக் கோடு போட்டு எழுதிப் பழக்கமில்லை. சொன்னது நீ. தம்பி சொன்னான், "அலுமினியத்தச் சூடு காட்டி ஒட்டுனா ஒட்டுக்குப் பக்கத்துல பலம் போயிரும்ணே, நீதான எனக்கு அதப் படிச்சுக் காமிச்ச?" என்று. நீ, "நீ கொண்டுபோலே, பாத்துக்கிடலாம்" என்றாய். மாப்பிள்ளை அந்தக் குழாயைத் தெருவில் தூக்கிக்கொண்டு போனால் யாராவது பார்த்து அத்தை காதில் போட்டுவிடுவார்கள் என்று அவனிடம் கொடுத்தனுப்பினாய். அவன் சைக்கிளில் குறுக்கே கட்டிக்கொண்டு, அலுமினியம் ஒட்டுகிற பட்டறைக்குக் கொண்டுபோனான். கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. பட்டறைக்காரர் ஒட்டித் தந்து, இதைச் சுற்றவிட்டு ஆட்டம் பார்க்கவேண்டும், அந்த மிஷின் தன்னிடம் கிடையாது, மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போகணும் என்று சொன்னாராம். அதற்கும் நீ பாத்துக்கிடலாம் என்றாய். இரும்பு வளையத்தை மாட்ட அவன் ஓட்டை போடப்போனபோது, "கனத்தக் கொறைக்கத்தான் அலுமினியம் போடுதோம், திரும்ப இரும்பத் தூக்கி மாட்டவா? அத்தை வந்துட்டுப் போவட்டும், பொறவு மாட்டலாம்" என்றாய். அந்த வாரத்தில் நீ எத்தனை பாத்துக்கிடலாம் சொன்னாய் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அதுவும் ஞாபகம் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அத்தையை அழைக்கப் போவதற்கு முன்னால் ஒரு ஓட்டம் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினீர்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தது நான். நீ ஓட்டினாய். ஆட்டம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேட்க அவன் இடது பக்கம் உட்கார்ந்தான். கால்வாயை ஒட்டிய நேர்ரோட்டில் நீ மிதித்தாய். "எண்ணே, அதிருது, பைய போ" என்று அவன் சொன்னதும், நீ "வேகம் கூடுனா அதிர்வு போயிரும்" என்று இன்னும் மிதித்ததும் எனக்கு அவன் சொல்லித் தெரியாது. நீயே ஆஸ்பத்திரியில் என் மடியில் தலையை வைத்து அழுதுகொண்டு சொன்னாய். ஒட்டு விட்டது. முன்முனை தரையில் இறங்கி ரோட்டில் குத்திற்று. வண்டி அதன்மேல் எழும்பி, இடது பக்கமாக வயலில் விழுந்தது. அறுப்புக்கு நின்ற நெல். உனக்குக் கையில் ஒரு சிராய்ப்பு. அவனை வெளியே எடுக்க, வரப்பில் நின்றவர்கள் கதவை அறுக்க வேண்டியிருந்தது.

இதுவரைக்கும் நடந்ததை நான் விதி என்று விட்டுவிடுவேன். வயசுப் பையன்கள், வேகம், அவசரம். பெற்றவளுக்கு மன்னிக்கத் தெரியும். நான் விடாதது அதற்கு அடுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அத்தை வந்து நின்றாள். காலை எடுக்கவேண்டி வருமோ என்று டாக்டர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் வெளியே ஊர் கேட்கப் பேசினாள். "எம் மவன் கடல்தாண்டி தங்கங்கணக்கா சாமான் கொண்டாந்தான். அத உள்ளூர்ப் பட்டறையில குடுத்து வெட்டி ஒட்டி நாசமாக்கிருக்கான் இந்தச் சின்னவன். சைக்கிள்ல கட்டிக்கிட்டுப் போனத ஊரே பாத்திருக்கு. அண்ணனுக்குச் சீர் வந்தது வயித்தெரிச்சலு. எம் மருமவன் தப்பிச்சது எம் பொண்ணு தாலிப் பாக்கியம்." நீ எங்கே நின்றாய்? எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றாய். கையில் பிளாஸ்க். உள்ளே திரைக்குப் பின்னால் அவனுக்கு நினைவு இருந்தது, அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். 'வெட்டச் சொன்னது நான்' என்று மூன்று வார்த்தை போதும். நீ பிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்து, "அத்தை, காப்பி குடிக்கேளா?" என்று கேட்டாய்.

நான் வாயைத் திறந்தேன். நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். "எம்மா, இப்ப வேண்டாம். சமயம் பாத்து நானே சொல்லுதேன்" என்றாய். நீ சொல்லவேண்டியதை நான் சொன்னால், தாய்க்காரி சின்னவனுக்குப் பரிந்துகொண்டு பேசுகிறாள் என்றுதான் அவள் சொல்வாள். ஆகையால் விட்டேன். அந்தச் சமயம் இன்னும் வரவில்லை. அதற்குள் உனக்குப் பெண் பிறந்து, மொட்டை போட்டு, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள்.

அவன் என்னிடம் ஒருநாளும் உன்னைக் குறை சொன்னதில்லை. நான் ஆத்தமாட்டாமல் பேசினால், "விடும்மா. அவன் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை. அங்கன தலை நிமிந்து சாப்பிடணும்லா?" என்பான். ஊனமுற்றவர்களுக்கு என்று பூத்து கிடைத்த அன்றைக்குப் பலகை மாட்டிக்கொண்டே சொல்கிறான், "அண்ணன் எனக்கு ஒரு பூத்து வாங்கித் தந்திருக்கான்னு நெனச்சிக்கிடு" என்று. சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். கூட நின்ற ஆட்களும் சிரித்தார்கள். எனக்கு அண்டாவைத் திறந்தபோது கேட்ட சிரிப்புத்தான் ஞாபகம் வந்தது. பூத்தில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அந்தக் காரின் நெளிவை எடுத்தான். கதவு மாற்றினான். பழைய இரும்பு ஷாஃப்ட்டையே திரும்ப மாட்டினான். உன் கார் இன்றைக்கு ஓடுகிற கார் என்றால் அது அவன் கை. எதற்கடா என்று கேட்டால், "அண்ணன் வந்தா ஓட்டுவான்" என்பான்.

களக்காட்டிலிருந்து பெண் பார்க்கப் பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா. கால் ஒரு குறை இல்லை என்று பெண்ணின் தகப்பனார் சொன்னார். நல்ல மனுஷர். வெற்றிலை மாற்றுகிற அளவுக்கு வந்து நின்றுபோயிற்று. ஏன் என்று உனக்கு எழுதினேனா? எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். அவர் எங்கேயோ விசாரித்திருக்கிறார். "கால் போனா வாழலாம் தாயி. அண்ணன் சீர் மேல பொறாமப்பட்டு வண்டியக் கெடுத்தவன்னு சொல்லுதாங்க. கொணம் அப்படின்னா எம் பிள்ளைய எப்படிக் குடுக்க?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். பிறகு இன்னொரு இடம், அதே கேள்வி. உன் அத்தை போகிற கல்யாணம், காதுகுத்து, இழவு விழுந்த துஷ்டி வீடு எல்லாவற்றிலும் அந்தக் கதை அவளோடு போய் இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. காப்பி கொடுத்து அனுப்பியது நீ.

இப்போது ஏரலிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பெண் பால்வாடியில் வேலை பார்க்கிறாள். இரண்டு தடவை போன் பேச வந்த மாதிரி பூத்துக்கு வந்து இவனைப் பார்த்துவிட்டும் போயிருக்கிறாள், கெட்டிக்காரி. ரெண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது. அவள் அண்ணன்மார் உத்திரத்தன்று நம் சாஸ்தா கோயிலுக்கு வருகிறார்கள், குடும்பத்தைச் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக. பிறந்த வீட்டுச் சாஸ்தா என்று உன் அத்தையும் வருஷம் தவறாமல் வருகிறவள். வந்தால் அவள் வாய் சும்மா இருக்காது. அந்த அண்ணன்மார் காதுக்கு ஏற்கெனவே ஏதோ போயிருக்கிறது, கல்யாணத் தரகர் என்னிடம் ஜாடையாகக் கேட்டார். இந்த நேரம் பார்த்துத்தான் நீ கார் எடுக்க வருகிறாய்.

அலுமினிய ஷாஃப்ட் வாங்காதே என்று நான் சொல்லமாட்டேன். அலுமினியத்தின்மேல் எனக்கு என்ன கோபம். என் அப்பாவின் அண்டா கடைசிவரைக்கும் ஓட்டை விழவில்லை. உங்கள் பேச்சிலிருந்தே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். கார் நாலு சக்கரத்தில் தரையில் நிற்கும்போது எடுத்த அளவைக் கொடு. தூக்கி நிறுத்தி, பின்சக்கரம் தொங்கும்போது எடுத்தது பொய் அளவு என்று தம்பி சொல்வான். உன் வண்டியின் அளவுக்கே செய்து, சுற்றவிட்டு ஆட்டம் பார்த்துத் தருகிறவனிடம் வாங்கு. வெட்டி ஒட்டினதை வாங்காதே. பெரியது கிடைக்கிறது, பளபளப்பாக இருக்கிறது, யாரோ பிரியமாகத் தருகிறார்கள் என்று வாங்காதே. அளவு தப்பாக வந்தால், கொடுத்தவர் சாமியே ஆனாலும், இது எனக்கு ஆகாது என்று முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பிக் கொடு. இரும்பு வளையத்தை முதலில் மாட்டு, ஷாஃப்ட்டை அப்புறம் மாட்டு. இடது பக்கத்து இருக்கையைக் கழற்றி இங்கேயே வைத்துவிட்டுப் போ. அதில் இன்னொரு வீட்டுப் பிள்ளை உட்காரவேண்டாம்.

ஆனால் அளவு உனக்கு இப்போது கிடைக்காது. காருக்கு அடியிலிருந்து வெளியே வந்ததும் அவன் தலையில் கையை வைத்து, உத்திரம் முடியும்வரை அண்ணனுக்குச் சொல்லமாட்டேன் என்று சாஸ்தா பேரில் சத்தியம் வாங்கிவிட்டேன். "என்னம்மா நீ, சின்னப்பிள்ளை மாதிரி" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். இருக்கட்டும்.

அறுந்துபோன அந்தத் துபாய்க் குழாய் எங்கே என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. எடைக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பாய். நீளத் துண்டை நான் போடவில்லை. பின்வாசலில் இரண்டு பக்கமும் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அதில்தான் இத்தனை வருஷமாகச் சேலை காயப்போடுகிறேன். துருப்பிடிக்காது, துணியில் கறை ஏறாது. அந்த ஒரு குணம் அதற்கு உண்டு. ஒவ்வொரு நாளும் ஈரச்சேலையை அதன்மேல் வீசும்போது நீ அந்தப் பிளாஸ்க்கைத் திறந்த சத்தம் எனக்குக் கேட்கும். மறக்கிறவர்கள் புண்ணியம் செய்தவர்கள். நான் செய்யவில்லை.

உத்திரத்தன்று நீ முதல் பஸ்ஸுக்கே வந்து சேர். பொங்கல் பானை பொங்குவதற்கு முன்னால், ஏரல்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது, உன் அத்தை இருக்கும்போது, எல்லாரும் கேட்கிற மாதிரிச் சொல்: அளவு தப்பான சாமானை வாங்கியது நான், வெட்டச் சொன்னது நான், ஓட்டியது நான், தம்பி வேண்டாம் என்றான். அவ்வளவுதான். சொல்லிவிட்டால் அளவை அவன் சொல்வான், சாவியை நான் தருவேன், சர்க்கரைப் பொங்கல் உன் இலையில் முதலில் விழும். சொல்லவில்லை என்றால் நான் பேசமாட்டேன். அந்தக் குழாயைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை, பழம், மஞ்சள் குங்குமத்தோடு, சந்தனப் பொட்டும் வைத்து, உன் அத்தையின் முன்னால் இறக்கிவிடுவேன். சீர் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஏன் திரும்பி வந்தது என்று அவள் உன்னைத்தான் கேட்பாள், அப்போதும் நீதான் வாய் திறக்கவேண்டியிருக்கும். மீனா என்ன ஆவாள், பேத்தியை நான் இனி எப்போது பார்ப்பேன் என்றெல்லாம் யோசிக்காமல் இதை எழுதவில்லை. மூன்று நாள் யோசித்தேன். நீ ஒரு பிள்ளை மட்டும் எனக்கு இல்லை, இரண்டு பிள்ளை.

இன்று காலை அந்தக் குழாயைக் கொடியிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். புதுசு மாதிரிப் பளபளக்கிறது. ஒட்டு விட்ட வாய் மட்டும் கையில் குத்துகிறது. என் சேலை இப்போது வேலிமேல் காய்கிறது.

அம்மா